கெட்ட கொழுப்பைக் குறைக்க அன்றாட வாழ்வில் என்ன செய்யலாம்? காவிரிப் படுகைக் குடும்பங்களுக்கான கேள்வி பதில்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் காரைக்காலிலும் வாழும் குடும்பங்களில், இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எழும் கேள்விகளை மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இங்குள்ளவற்றைத் தங்கள் மருத்துவரிடம் கலந்து பேசிய பிறகே நடைமுறைப்படுத்த வேண்டும்.

பரிசோதனை அறிக்கையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மடித்து வைத்துவிடுவது பலரின் வழக்கம். ஆனால் அந்த ஒரு வரி போதாது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். பொதுவாக 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது; இதய நோய் வந்தவர்களுக்கு 70க்குக் கீழேயும், சிலருக்கு 55க்குக் கீழேயும் மருத்துவர் இலக்கு வைப்பார். நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறையக் கூடாது. இரத்தத்தில் உள்ள மற்றொரு வகைக் கொழுப்பாகிய டிரைகிளிசரைடு 150க்குள் இருக்க வேண்டும். இவை அனைத்தும் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் உள்ள அளவுகள்.

எடுத்துக்காட்டாக, மொத்தம் 228, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 260 என்று ஓர் அறிக்கை வருவதாக வைத்துக்கொள்வோம். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகின்றன. அதன்படி இங்கே எல்.டி.எல். 140 ஆகிறது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதால், அப்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் கிடைக்கும் 192 என்ற எண்ணையும் மருத்துவர்கள் கவனிப்பார்கள். அது 130க்குள் இருப்பது விரும்பத்தக்கது.

நல்ல கொழுப்பு குறைந்தும் டிரைகிளிசரைடு உயர்ந்தும் காணப்படும் இந்த அமைப்பு இந்தியர்களிடையே மிகவும் பரவலானது. கறியையும் முட்டையையும் நிறுத்துவதால் மட்டும் இது சரியாகாது. அதற்கான காரணத்தைச் சோறு பற்றிய கேள்வியில் விரிவாகக் காணலாம்.

உடலில் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது?

அதன் பெரும்பகுதியை நம் உடலே, குறிப்பாகக் கல்லீரல், உற்பத்தி செய்கிறது; உணவிலிருந்து வருவது சிறு பங்குதான். இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ளன. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு இந்த ஏற்பிகளின் செயலைக் குறைத்துவிடுவதால், எல்.டி.எல். வெளியேற வழியின்றி இரத்தத்திலேயே தங்குகிறது. ஆகவே, உணவில் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பதைவிட, எவ்வகைக் கொழுப்பு இருக்கிறது என்பதே பெரும்பாலோருக்கு முக்கியமானது.

நாங்கள் சுத்த சைவம். எங்கள் வீட்டில் எப்படிக் கொலஸ்ட்ரால் கூடும்?

தாவர உணவு எதிலும் பொருட்படுத்தத்தக்க அளவில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மையே. ஆனால் நம் வட்டாரச் சைவச் சமையல் என்பது நெய்யும் பாலும் கெட்டித் தயிரும் தேங்காயும் சேர்ந்தது. பருப்புக்கு நெய், பொங்கலுக்கு நெய், அசோகாவுக்கு நெய், வற்றலும் அப்பளமும் பொரிக்க எண்ணெய் என்று சேரும்போது, மாதம் ஒருமுறை ஆட்டுக்கறி உண்ணும் வீட்டைவிட அதிகமான நிறைவுற்ற கொழுப்பு ஒரு சைவ வீட்டில் செலவாவது உண்டு.

எல்.டி.எல்.லைக் குறைக்க வேண்டியவர், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவராயின், நிறைவுற்ற கொழுப்பை 13 முதல் 15 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே ஏறத்தாழ 9 கிராம் உள்ளது. நெய்யை அறவே விட வேண்டும் என்பதில்லை. ஜாடியிலிருந்து சாய்த்து ஊற்றும் வழக்கத்தை விட்டு, நாளுக்கு ஒரு தேக்கரண்டி என்று அளந்து ஊற்றினால் மணமும் கிடைக்கும், அளவும் 3 கிராமைத் தாண்டாது.

சமையலுக்கு எந்த எண்ணெய் நல்லது? ரேஷன் கடை பாமாயிலைப் பயன்படுத்தலாமா?

நிறைவுற்ற கொழுப்பின் அளவைக் கொண்டு பார்த்தால், தேங்காய் எண்ணெயில் அது ஏறத்தாழ 90 விழுக்காடு. பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். நல்லெண்ணெயில் 15 விழுக்காடு அளவில். சூரியகாந்தி எண்ணெயில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் நம் நாக்குக்குப் பழகியவை, எல்.டி.எல்.லுக்கும் ஏற்றவை. செக்கில் ஆட்டியதா, ஆலையில் சுத்திகரித்ததா என்பதால் நிறைவுற்ற கொழுப்பின் அளவு மாறிவிடாது.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. 2018இல் கஜா புயலில் தோப்புகளை இழந்து மீண்டும் கன்று வைத்து வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களிடம் தேங்காய் எண்ணெயைப் பற்றிக் குறைத்துச் சொல்வது எளிதன்று. எனினும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பை உயர்த்துவதோடு கெட்ட கொழுப்பையும் சேர்த்தே உயர்த்துகிறது. எல்.டி.எல். கூடுதலாக உள்ளவர்கள் அதை அன்றாடத் தாளிப்புக்கும் பொரிப்புக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டிலும் பொரியலிலும் இரண்டு கரண்டி துருவல் தூவுவதில் தவறில்லை. மூன்று வேளையும் தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த குழம்பு, தேங்காய்ப்பால் என்று போவதைத்தான் குறைக்க வேண்டும்.

ரேஷன் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பாமாயிலை வாங்காதீர்கள் என்று சொல்வது, மாதச் செலவை எண்ணி எண்ணிக் கழிக்கும் குடும்பத்துக்கு நியாயமான அறிவுரையாகாது. அப்படிப்பட்டவர்கள் பாமாயிலின் அளவைக் குறைப்பதும், தாளிப்புக்கு மட்டும் கால் லிட்டர் நல்லெண்ணெய் தனியே வாங்கிக்கொள்வதும் நடைமுறையில் இயலக்கூடியவை. எந்த எண்ணெயாக இருந்தாலும், ஒருவருக்கு மாதத்துக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை என்பது எல்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் டின் காலியாகிறதென்றால், எண்ணெயின் வகையை ஆராய்வதற்கு முன் அளவைக் குறைக்க வேண்டும்.

மாலையில் டீக்கடை வடை, பேக்கரி பப்ஸ் சாப்பிடுவதால் என்ன ஆகும்?

காலையில் போண்டா போட்ட அதே எண்ணெயில் மாலையில் வடையும் பஜ்ஜியும் வேகும். குறையும்போது புது எண்ணெய் ஊற்றி நிரப்பப்படும். சட்டியின் அடியில் மாவுத் துகள்கள் கருகிக் கிடக்கும். இப்படித் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் உருவாகின்றன. பேக்கரிப் பண்டங்களில் சேரும் வனஸ்பதியில் முன்பு டிரான்ஸ் கொழுப்பு மிகுந்திருந்தது. கெட்ட கொழுப்பை உயர்த்தி நல்ல கொழுப்பைத் தாழ்த்தும் வகை அது. 2022 முதல் இந்தியாவில் எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி உள்ளது. அதன்பிறகும் வனஸ்பதியில் நிறைவுற்ற கொழுப்பு நிறையவே இருக்கிறது. மாலைப் பசிக்கு வேகவைத்த வேர்க்கடலையோ, ஒரு கைப்பிடி வறுகடலையோ, பச்சைப்பயறுச் சுண்டலோ போதும்.

சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். நெல் விளையும் ஊரில் அது எப்படி முடியும்?

இதுவே நம் பகுதிக்கு உரிய முதன்மையான கேள்வி என்று கருதுகிறேன். உடலுக்குத் தேவையானதைவிட அதிகமாக உண்ணும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. டிரைகிளிசரைடு கூடக் கூட நல்ல கொழுப்பு குறைகிறது, எல்.டி.எல். துகள்களும் சிறுத்து அடர்த்தியாகின்றன, அவை இரத்தக் குழாய்ச் சுவருக்குக் கூடுதல் கேடு விளைவிப்பவை.

நம் மதியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு விழும். இலையின் மேல் ஓரத்தில் பொரியல் இரண்டு விரல் அளவு இருக்கும். கூட்டு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்துக் கட்டுச் சுமந்த உடலுக்காக ஏற்பட்ட சோற்றின் அளவு இது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வயலுக்கு வந்து, வயலுக்குப் போவதும் வண்டியில் என்றான பிறகும் இலையில் விழும் சோறு மாறவில்லை. கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து வேலை செய்யும் அடுத்த தலைமுறையும் அதே அளவையே உண்கிறது.

ஆகவே சோற்றை விட்டுவிட வேண்டியதில்லை. அதன் இடத்தைச் சுருக்க வேண்டும். குழம்புக்கும் ரசத்துக்கும் சேர்த்து மொத்தமே ஒன்றரைக் கிண்ணம் என்று வைத்துக்கொண்டு, மோரைத் தனியே குடித்துவிடலாம். முதலில் காய்கறியையும் கூட்டையும் உண்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போனால், இரண்டாம் முறை கேட்கத் தோன்றாது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு அல்லது மீன், மீதிக் கால் பங்கு சோறு என்பது நல்ல அளவு. இரவில் சோற்றுக்குப் பதில் இட்லி என்று ஆறு இட்லி உண்டால் மாற்றம் எதுவும் ஏற்படாது, ஏனெனில் இட்லியும் பெரும்பகுதி அரிசிதான். இரண்டு மூன்று இட்லியுடன் நிறையச் சாம்பாரும் ஒரு காயும் இருக்கட்டும்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற அரிசிகளைச் சாப்பிட்டால் கொழுப்பு குறையுமா?

தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதல். மென்று உண்ண நேரம் பிடிப்பதால் குறைவாகவே உண்ண முடியும். அந்த வகையில் அவை நல்லவை. ஆனால் அவற்றையும் அளவின்றி உண்டால் டிரைகிளிசரைடு உயரவே செய்யும். விலை கொடுக்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். வீட்டிலுள்ள புழுங்கலரிசியின் அளவைக் குறைத்துக் காயைக் கூட்டுவதில் அதைவிடப் பெரிய பலன் உண்டு.

கெட்ட கொழுப்பைக் குறைக்கும் உணவு என்று எதைச் சொல்லலாம்?

நீரில் கரையும் நார்ச்சத்து உள்ள உணவுகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலத்தை உண்டாக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. வழக்கமாக அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டுத் திரும்பிவிடும். இந்த நார்ச்சத்து குடலில் கூழாகிப் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுவதால், புதிய பித்த அமிலம் செய்வதற்காகக் கல்லீரல் இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. நாளுக்கு 5 முதல் 10 கிராம் வரை இந்த நார்ச்சத்து சேர்ந்தால் எல்.டி.எல். சுமார் 5 விழுக்காடு குறையும்.

இதற்காக ஓட்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு, நெற்பயிர் நிற்கும்போதே ஈரவயலில் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளித்துவிட்டு, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டு விளைவிப்பது நம் வட்டாரப் பழக்கம். அந்தப் பயற்றில் பெரும்பகுதி மூட்டையோடு விற்பனைக்குப் போய்விடுகிறது. ஆண்டு முழுவதற்குமான அளவை வீட்டுக்கென்று எடுத்து வையுங்கள். நாள்தோறும் ஒருவருக்கு ஒரு கிண்ணம் வேகவைத்த பயறோ பருப்போ கிடைத்தால், அதனாலும் எல்.டி.எல். ஏறத்தாழ 5 விழுக்காடு குறையக்கூடும். கொள்ளு ரசம், தட்டைப்பயறு போட்ட கத்தரிக்காய்க் குழம்பு, தோல் உளுந்துக் கஞ்சி எல்லாம் இதில் அடங்கும். வெண்டைக்காயின் வழவழப்பும் கரையும் நார்ச்சத்துதான். கொத்தவரை, அவரை, கொய்யா, தோலுடன் உண்ணும் கத்தரிக்காய் ஆகியவையும் நல்லவை. வாழைத்தண்டும் வாழைப்பூவும் திருவையாற்றுப் பக்கம் மலிவாகக் கிடைக்கும்; வாரம் இரு நாளாவது சமையலில் சேரட்டும்.

மீன், முட்டை, இறால், கறி: எதை விட வேண்டும்?

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு பேறு. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி போன்ற விலை குறைந்த மீன்களில்தான் டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. வாரம் இருமுறை குழம்பாக வைத்து உண்ணுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் பாதிப் பலன் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் குளத்து மீன் கிடைக்கும். ஒமேகா-3 குறைவென்றாலும் கறிக்கு அது எவ்வளவோ மேல். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு நிற்க வேண்டும்.

இறாலில் கொலஸ்ட்ரால் கூடுதல், ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. எப்போதாவது உண்பதில் தீங்கில்லை. நாளுக்கு ஒரு முட்டை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் வாரம் மூன்று நான்கு மஞ்சள் கருவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆட்டுக்கறியைக் கொழுப்பு நீக்கி மாதம் ஓரிரு முறை சமைக்கலாம். மூளை, ஈரல், குடல் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுவதே நலம்.

டிகிரி காபியை விட வேண்டுமா?

வேண்டியதில்லை, பாலை மாற்றினால் போதும். நாளுக்கு மூன்று வேளைக் காபியில் 300 மில்லி பால் சேர்வதாகக் கொண்டால், 6 விழுக்காடு கொழுப்புள்ள பாலில் 18 கிராமும், 3 விழுக்காடு பாலில் 9 கிராமும் கொழுப்பு உள்ளே போகிறது. பால் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது. சர்க்கரையை ஒரு வேளைக்கு அரைக் கரண்டியாக்கிவிட்டால் டிரைகிளிசரைடுக்கும் நல்லது. கறந்த பாலைக் காய்ச்சுபவர்கள், ஆறவைத்து மேலே படியும் ஆடையை எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?

வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்னும் வேகத்தில் நடக்க வேண்டும். நடையால் டிரைகிளிசரைடு நன்றாகக் குறையும், நல்ல கொழுப்பு சிறிது உயரும், எல்.டி.எல். அவ்வளவாக இறங்காது. நடந்தேன், எல்.டி.எல். குறையவில்லை என்று சோர்ந்து நிறுத்திவிட வேண்டாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதனால் வரும் நன்மை தனி. உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தால் டிரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் விடியற்காலையில் ஆற்றங்கரையிலோ வாய்க்கால் கரையிலோ நடக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை வழுக்கும். அப்போது கோயில் பிரகாரம் உதவும். திருவாரூர்த் தியாகராசர் கோயில், மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் போன்றவற்றின் விரிந்த பிரகாரங்களில் சில சுற்றுகள் வந்தாலே அரை மணி ஆகிவிடும். ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் சூடான கல்தளத்தில் நடக்கவே கூடாது. கொப்புளம் ஏற்பட்டாலும் தெரியாமல் புண்ணாகிவிடும்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறேன். அதுவும் சேருமா?

சேரும். பீடி, சிகரெட் நல்ல கொழுப்பைக் குறைத்து இரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கின்றன. மெல்லும் புகையிலையும் இதயத்துக்குக் கேடுதான், வாய்ப் புற்றுநோய் அபாயம் வேறு. மது டிரைகிளிசரைடை நேரடியாக உயர்த்தும்.

பூண்டு, வெந்தயம், நாட்டு மருந்து இவற்றால் குறைத்துக்கொள்ள முடியாதா?

வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து உண்டு. பூண்டுக்குச் சிறிய பலன் உண்டு. உணவில் சேர்ப்பது நல்லதே. ஆனால் 190 இருக்கும் எல்.டி.எல்.லை அவை 100க்குக் கொண்டுவந்துவிடாது. சர்க்கரை மாத்திரை உண்பவர்கள் வெந்தயத்தைப் பெரிய அளவில் தூளாக்கி உண்டால் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. இன்னதென்று தெரியாத பொடியை வாங்கிக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவற்றையெல்லாம் செய்தால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

உணவையும் பழக்கத்தையும் மாற்றினால் பலருக்கு எல்.டி.எல். 10 முதல் 20 விழுக்காடு வரை குறையும். 135 இருப்பவருக்கு அது போதுமானதாக அமையலாம். மாரடைப்பு வந்தவருக்கும், ஸ்டென்ட் வைத்தவருக்கும், சர்க்கரை நோய் உள்ள பலருக்கும் அது போதாது. கொலஸ்ட்ராலுக்குத் தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரைகள் அளவுக்கேற்ப எல்.டி.எல்.லை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைப்பவை. நிறுத்தினால் சில வாரங்களில் எல்.டி.எல். பழைய நிலைக்கு வந்துவிடும். அறிக்கையில் அளவு சரியாக இருப்பதற்கே மாத்திரைதான் காரணம் என்பதை மறந்து நிறுத்திவிடுபவர்களை எண்ணித்தான் இதை வலியுறுத்துகிறேன். தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

மாற்றங்களைத் தொடங்கிய பின் எப்போது மீண்டும் பரிசோதிக்க வேண்டும்?

ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் பரிசோதிக்கலாம். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை முடிந்த உடனே எடுத்தால் அளவு தவறாகக் குறைந்து காட்டும். டிரைகிளிசரைடு கூடுதலாக இருப்பவர்கள் 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்துவிட்டுச் செல்ல வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். உயரும் என்பதால், முதல் முறையே டி.எஸ்.எச். பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுத்தர வயதுப் பெண்களுக்கு இது மிகவும் தேவை.

என் மகன் ஒல்லியானவன், வயது 24. அவனுக்கு எல்.டி.எல். 210. அறிக்கை தவறாக இருக்குமோ?

ஒரு முறை மீண்டும் எடுத்துப் பாருங்கள். மறுபடியும் 190க்கு மேல் இருந்தால், பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பிறப்பிலிருந்தே எல்.டி.எல். கூடியிருப்பதால் முப்பது, நாற்பது வயதிலேயே மாரடைப்பு வரலாம். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பதும், இமையோரத்தில் மஞ்சள் திட்டுகள் இருப்பதும் இதன் அடையாளங்கள். உணவு மாற்றம் இவர்களுக்கும் தேவை, ஆனால் மருந்தின்றி முடியாது.

குடும்பத்தில் யாருக்கேனும் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அக்காள் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். தாய், தந்தை இருவருக்குமே இக்குறை இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான வடிவம் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தகைய குழந்தைக்குப் பள்ளிப் பருவத்திலேயே இதய நோய் தொடங்கிவிடும். எனவே பிள்ளைகளின் பரிசோதனையைத் திருமண வயது வரை தள்ளிப்போடாமல், பத்து வயதுக்குள்ளாகவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடமோ இதய மருத்துவரிடமோ காட்டிச் செய்துகொள்ளுங்கள்.